பதினான்கு நாள் கணக்கு

2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு ராணுவ வீரரின் மனைவிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். 2013 ஜனவரியில், காஷ்மீர் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டுக்குப் பக்கத்தில் ரோந்து போன, நாயக் பதவியில் இருந்த ஒரு வீரருக்கு மூச்சுத் திணறல் வந்தது. வானிலை மோசம், ஹெலிகாப்டர் வர வழியில்லை. ஆள் பிழைக்கவில்லை. மனைவிக்கு ஒரு பென்ஷன் கொடுத்தார்கள். ஆனால் போர்முனைச் சாவுக்கு உரிய பெரிய பென்ஷன் கிடையாது என்றார்கள். 2019-இல் ஆயுதப் படைகள் தீர்ப்பாயம் அதைக் கொடுக்கச் சொன்னது. மத்திய அரசு மேல்முறையீடு செய்தது. உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டு, இந்தப் பெண்ணை இங்கே வரை இழுத்திருக்கவே கூடாது என்று கண்டித்து, செலவுத்தொகையாக 50,000 ரூபாயும் விதித்தது.

எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் அந்தச் செய்திக்குக் கீழே ஏகப்பட்ட கும்பிடு பொம்மைகள். ‘நீதி வென்றது’ என்று ஒரு மாமா எழுதியிருந்தார். சித்தி குழுவில் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தனியாக போன் செய்தார். “பதினோரு வருஷம் அலைஞ்சிருக்கு அந்தம்மா. அந்த அம்பதாயிரம் வக்கீலுக்காவது காணுமாப்பா?” என்றார். நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். “அது கெடக்கட்டும். தீர்ப்பு காப்பி கெடைக்குமா பாரு. எந்த ரூலச் சொல்லிக் கீறாங்கன்னு தெரியணும்” என்று வைத்துவிட்டார்.

சித்தி என் அம்மாவின் தங்கை. பத்தாவது வரை படித்தவர். 2017-இல், 34 வயதில், ஹவில்தாராக இருந்த கணவரை இழந்தார். அவர் பென்ஷனுக்கு அலைந்த கதையை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம். ஆனால் எழுத உட்கார்ந்தால் இரண்டாவது பத்தியிலேயே அது கண்ணீர்க் கதையாகிவிடுகிறது. ராணுவ வீரரின் விதவை என்று எழுதியதுமே வாக்கியங்கள் தாமாகவே குனிந்து நிற்க ஆரம்பித்துவிடுகின்றன. சித்தி அப்படிப்பட்ட ஆள் இல்லை. இந்தத் தீர்ப்பும் அவருடைய போனும் சேர்ந்துதான் இதை வேறு மாதிரி எழுத வைத்திருக்கிறது.

பேனரில் ஒன்று, கடிதத்தில் ஒன்று

எங்கள் ஊர் வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம் பக்கம். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன கம்மவான்பேட்டை போலப் பேர் பெற்ற ஊர் இல்லை. ஆனாலும் தெருவுக்கு இரண்டு பேராவது மிலிட்டரிக்காரர்கள் உண்டு. சித்தப்பா பட்டாளத்தில் டிரைவர். கனரக லாரி ஓட்டுவார். 2017 மே மாதம் ஜோஜிலா கணவாய்க்கு அந்தப் பக்கம், லடாக் சாலையில், கான்வாய் முடித்து வந்து படுத்த இடத்தில் ராத்திரி நெஞ்சு வலி. விடிவதற்குள் முடிந்துவிட்டது. வயது 38.

உடல் வந்த அன்று ஊரே ரோட்டில் நின்றது. மூவர்ணக் கொடி, துப்பாக்கி மரியாதை, தாசில்தார், உள்ளூர்க் கட்சிக்காரர்கள் எல்லோரும். பஸ் ஸ்டாண்டில் இருந்து சுடுகாடு வரைக்கும் ப்ளெக்ஸ் பேனர். எல்லாவற்றிலும் ‘வீரமரணம்’. பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் அந்தப் பேனர்கள் வெயிலில் வெளுத்துக்கொண்டு கிடந்தன.

பென்ஷன் வந்தது. அதில் பெரிய தாமதம் இல்லை, சொல்ல வேண்டும். குரூப் இன்ஷூரன்ஸ் பணமும் வந்தது. ஆனால் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் கேட்டு அனுப்பிய மனுவுக்கு ஒரு பக்கக் கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. அதை நான்தான் சித்திக்குப் படித்துச் சொன்னேன். இறப்புக்குக் காரணமான நோய் ராணுவப் பணியால் ஏற்பட்டது அல்ல, பணியால் தீவிரமானதும் அல்ல, ஆகவே சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் மட்டுமே.

சித்தி ஒன்றும் சொல்லவில்லை. மாமாதான் கத்தினார். “அப்போ அவ்ளோ பேனரும் பொய்யா? லடாக்ல செத்தவன் எதனால செத்தான், இட்லி தின்னு செத்தானா?” அந்தக் கேள்வி என்னைப் பல வருடம் விடவில்லை. வாசலில் வீரமரணம் என்கிறார்கள். அலுவலகத்தில் இயற்கை மரணம் என்கிறார்கள். இரண்டையும் சொல்வது ஒரே அரசு.

ராணுவத்தில் சாவுக்குத் தரம் உண்டு என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. 2001 ஜனவரி 31 தேதியிட்ட பாதுகாப்பு அமைச்சகக் கடிதம் ஒன்று ஏ முதல் இ வரை ஐந்து வகை போட்டிருக்கிறது. ஏ என்றால் இயற்கையான காரணம். அதற்கு உதாரணமாகவே இதய நோய், சிறுநீரக நோய் என்று எழுதியிருக்கிறார்கள். பி என்றால் வேலைச் சூழல், கடும் வானிலை போன்றவற்றால் வந்த நோய். சி என்றால் பணியின்போது நடந்த விபத்து. டியும் இ-யும் தீவிரவாதம், எல்லை, போர். ஏ-வுக்குச் சாதாரண பென்ஷன். பி, சி-க்குச் சிறப்பு பென்ஷன். டி, இ-க்கு எல்லோரும் ‘லிபரலைஸ்டு’ என்று சொல்லும் முழுச் சம்பள பென்ஷன். ஒட்டுமொத்தமாகத் தரும் கருணைத் தொகையும் இதே மாதிரிதான். 2016-க்குப் பிறகு சாவின் வகையைப் பொறுத்து 25 லட்சம், 35 லட்சம், 45 லட்சம். ஏ-வுக்கு அதுவும் இல்லை.

இதய நோய் என்ற சொல் ஏ-வின் உதாரணத்தில் இருக்கிறது. கடும் வானிலை என்ற சொல் பி-யின் உதாரணத்தில் இருக்கிறது. பதினோராயிரம் அடிக்கு மேல் லாரி ஓட்டிவிட்டு நெஞ்சு வலியில் இறந்தவரை எதில் போடுவது? கடிதம் எழுதியவருக்கு அதில் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை.

சித்தியின் கணக்கு

மேல்முறையீடு செய்யலாம் என்று முதலில் துள்ளியது நான்தான். சித்தப்பாவின் மரியாதை, தியாகம், அவர் பெயருக்கு வந்த களங்கம் என்று சித்தியிடம் ஒரு பெரிய சொற்பொழிவே ஆற்றினேன். அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தை வைத்துவிட்டு உள்ளே போய், பிள்ளைகளின் பழைய நோட்டில் பென்சிலால் போட்ட ஒரு கணக்கைக் கொண்டுவந்து காட்டினார்.

சம்பளம் 40,000 என்று வைத்துக்கொள்வோம் (உண்மைத் தொகை வேறு, கணக்கு இதுதான்). பணியில் இருக்கும்போது இறந்தால் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் முதல் பத்து வருடம் சம்பளத்தில் பாதி, அதாவது 20,000. பத்து வருடம் முடிந்த மறுநாளில் இருந்து 30 சதவீதம், அதாவது 12,000. சிறப்பு ஓய்வூதியம் என்றால் முதல் நாளில் இருந்தே 60 சதவீதம். 24,000. அது குறையவே குறையாது. அகவிலைப்படி இதன் மேல் தனி.

“இப்போ மாசம் நாலாயிரந்தான் வித்தியாசம். அதுக்குன்னா நான் அலைய மாட்டேன். ஆனா 2027-ல பாரு. இருபது பன்னெண்டா ஆவும். அந்த வருஷந்தான் பாப்பா காலேஜ் சேரணும். அன்னைக்கு அந்த இருபத்து நாலுக்கு மாசம் பன்னெண்டாயிரம் துண்டு உழும். மரியாதைய நீங்க பாத்துக்கோங்க, எனக்கு அந்தப் பன்னெண்டாயிரம் வேணும்.”

அந்த மதியத்தில்தான் எனக்கு இந்த விஷயம் தலைகீழாகப் புரண்டது. சித்தியைச் சுற்றி இருந்த நாங்கள் எல்லோரும் அவரை ஒரு தியாகத்தின் மிச்சமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினத்துக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். அந்தப் பார்வையில் பணத்தைப் பற்றிப் பேசுவதே கொஞ்சம் அசிங்கம் மாதிரி. பென்ஷன் வருகிறதே, அதையும் மீறிக் கேட்டால் ‘புருஷன் செத்ததுல காசு பாக்குறா’ என்று சொல்ல ஊரில் ஆள் உண்டு. சொன்னார்கள். ஆனால் சித்தப்பா மாதச் சம்பளத்துக்குத்தான் வேலைக்குப் போனார். கல்யாணம் ஆன நாளில் இருந்து, வருடத்தில் இரண்டு மாதம் லீவு தவிர, குடும்பத்தை அந்தச் சம்பளத்தில் நடத்தியது சித்தி. பிள்ளை பெற்றது, மாமனாருக்குக் கண் ஆபரேஷன், வீட்டுக்குக் காங்கிரீட் போட்டது எல்லாம் அவர் தனியாகச் செய்தது. அந்த வேலைக்கு ஒப்பந்தத்தில் ஒரு பாக்கி இருக்கிறது. அவர் கேட்டது அந்தப் பாக்கியை.

இதைச் சொன்னால் வறட்டுத்தனமாகப் படலாம். எனக்கு அப்படி இல்லை. சால்வை போட்டவர்கள் யாரும் 2027 என்ற வருடத்தைப் பற்றி யோசித்திருக்கவில்லை.

‘மேற்படி’, ‘மேற்படி’, ‘மேற்படி’

பெயர்க் குழப்பத்தைச் சீக்கிரம் சொல்லிக் கடந்துவிடுகிறேன், இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். சித்தியின் பெயரில் ஒரு ‘ழ’ இருக்கிறது. ஆதாரில் ஒரு எழுத்துக்கூட்டல், ரேஷன் கார்டில் இன்னொன்று. யூனிட்டில் திருமணத்தைப் பதிந்த வடநாட்டு கிளார்க் காதில் விழுந்தபடி எழுதியது மூன்றாவது. முன்னெழுத்தை அவர்கள் முழுப் பெயராக விரிக்கச் சொல்வார்கள். விரித்தால் அப்பா பெயரா, கணவர் பெயரா என்று அடுத்த கேள்வி. மூன்றும் ஒருவரே என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம், விஏஓ, ஆர்ஐ, தாசில்தார், வாரிசுச் சான்று. கல்யாணத்தையும் குழந்தைகள் பிறந்ததையும் சித்தப்பா ஒழுங்காக ‘பார்ட் டூ ஆர்டர்’ (குடும்ப விவரத்தைப் பட்டாளப் பதிவில் ஏற்றும் உத்தரவு) போட்டு வைத்திருந்ததால் பிழைத்தோம். அது இல்லாவிட்டால் பட்டாளத்தின் காகிதத்தில் மனைவி என்று ஒருத்தியே கிடையாது. பட்டாளத்தில் தம்பியோ அண்ணனோ இருக்கிறவர்கள் இன்றைக்கே போன் போட்டு, பார்ட் டூ ஆர்டர் போட்டாச்சா, ஆதாரில் இருக்கும் பெயரும் அதில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று கேட்டுவிடுங்கள்.

முதல் மேல்முறையீட்டை நான் எழுதினேன். நல்ல ஆங்கிலத்தில், உருக்கமாக. சில மாதங்களில் இரண்டு வரியில் தள்ளுபடி ஆகி வந்தது.

அதற்குப் பிறகுதான் வேலூரில் ஒரு பெரியவரைப் பிடித்தோம். பட்டாளத்தில் கிளார்க்காக இருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவர். வீட்டு வராந்தாவில் ஒரு மேசை போட்டு முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுப்பார். என் மனுவைப் படித்துவிட்டு, “நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. இதுல ஒரு தேதிகூட இல்லையே” என்றார். பிறகு சித்தியைப் பார்த்து, “பதினாலு நாள் சார்ட்டர் எங்கம்மா?” என்றார்.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் விளக்கினார். மாரடைப்பு மாதிரி இதய நோய் என்றால், அது வருவதற்கு முந்தைய பதினான்கு நாட்களில் அந்த ஆள் என்னென்ன வேலை பார்த்தார் என்று யூனிட் ஒரு பட்டியல் தர வேண்டும். ராணுவ மருத்துவ அதிகாரிகளுக்கான கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது. அந்தப் பட்டியலை வைத்துத்தான் உடம்புக்கும் மனசுக்கும் வேலையால் அழுத்தம் இருந்ததா, இல்லையா என்று டாக்டர் முடிவு செய்கிறார். ஆக, நாங்கள் தியாகம், தேசம் என்று எழுதிக்கொண்டிருந்த வழக்கு உண்மையில் பதினான்கு வரிகளில் இருந்தது.

தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்துக் கேட்டு வாங்கினோம். பட்டியல் வந்தது. முதல் நாள்: ‘வழக்கமான பணி’. அதற்குக் கீழே பதின்மூன்று வரிக்கு ‘மேற்படி’ குறிகள். அவ்வளவுதான். யாரோ ஒரு கிளார்க் ஒரு நிமிடத்தில் போட்டிருப்பார். அவர் மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. அந்தப் பாதையில் லாரி ஓட்டுகிறவனுக்கு அதுதானே வழக்கமான பணி, அவர் எழுதியது பொய்யும் இல்லை. ஆனால் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு டாக்டர், அழுத்தம் ஏதும் இல்லை என்று எழுதிவிட்டார். அங்கே தினமும் நடப்பது என்பதாலேயே அது கடினம் இல்லை என்று ஆகிவிட்டது.

சுபேதார் சார் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஒன்று முதல் பதினான்கு வரை எண் போட்டார். “வீட்டுக்கு போன் பண்ணுவாரில்ல? என்ன சொன்னாருன்னு ஒவ்வொரு நாளா யோசிச்சு சொல்லுங்க தங்கச்சி” என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. நடந்து முடிந்து வருடங்கள் ஆகிவிட்ட சமாச்சாரம், எந்தத் தேதியில் என்ன பேசினார் என்று யாருக்கு நினைவிருக்கும்?

சித்தி தேதியே சொல்லவில்லை. “பக்கத்து வீட்டுப் பொண்ணுக்குப் பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்னைக்கு சாயங்காலம் பேசனாரு. வண்டி வரிசையா நிக்குது, முன்னாடி ரோடு அடைச்சிருக்கு, ராத்திரி கேபின்லயேதான் தூங்கணும் போலன்னாரு. அந்தப் பொண்ணு எவ்ளோ மார்க்குன்னு கேட்டாரு.” பிளஸ் டூ ரிசல்ட் அந்த வருடம் மே 12. சுபேதார் சார் எழுதிக்கொண்டார். “சிரசுத் திருவிழா சமயத்துல பஸ் ஸ்டிரைக் உட்டாங்க பாரு, நான் பாப்பாவக் கூட்டிகினு ஷேர் ஆட்டோல போனேன். அப்போ பேசனாரு. ராத்திரி ரெண்டு மணிக்கு வண்டிய எடுத்தது, இப்பதான் எறங்கனேன், காது அடைச்சிகினு கீது, சத்தமா பேசுன்னாரு.” போக்குவரத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் மே 15. “பத்தாவது ரிசல்ட் அன்னைக்கு, நெஞ்சு கரிக்குது, ரெண்டு நாளா சரியா சாப்புடல, ரொட்டி எறங்கலன்னாரு. கேஸா இருக்கும், வெந்நி குடின்னு நான் சொன்னேன்.” அது மே 19.

அந்த இடத்தில் மட்டும் சித்தி கொஞ்சம் நிறுத்தினார். சுபேதார் சாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு மாடு கன்று போட்ட நாள், ரேஷனில் பாமாயில் வந்த நாள், மாமனாருக்குக் காய்ச்சல் வந்த ராத்திரி என்று மீதியையும் சொன்னார். எல்லா வரியும் நிரம்பவில்லை. சில நாள் சிக்னல் இல்லை, போன் வரவில்லை. அந்த வரிகளை அப்படியே விடச் சொன்னார் சுபேதார் சார். தெரியாததை நிரப்பினால் தெரிந்ததும் போய்விடும் என்பது அவர் கொள்கை.

ஆனால் மனைவி சொன்னாள் என்பது சாட்சி ஆகாதே? அதற்கும் அவரிடம் வழி இருந்தது. ராணுவ வண்டி ஒவ்வொன்றுக்கும் ‘கார் டைரி’ என்று ஒன்று உண்டு. எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை கிலோமீட்டர், எப்போது திரும்பியது எல்லாம் அதில் ஏறியிருக்கும். இன்னொரு பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர். இந்த முறை பதில் வர ரொம்பக் காலம் ஆனது, நினைவூட்டல் எழுதினோம், வேறு அலுவலகத்துக்கு மாற்றினார்கள், அப்புறம் ஒரு வழியாக மங்கலான ஜெராக்ஸ் பக்கங்கள் வந்தன. மே 12 அன்று வெளியே போன வண்டி மறுநாள்தான் முகாம் திரும்பியிருக்கிறது. 15-ஆம் தேதி புறப்பட்ட நேரம் அதிகாலை இரண்டு மணியை ஒட்டி. ஊரில் பிளஸ் டூ ரிசல்ட்டையும் பஸ் ஸ்டிரைக்கையும் வைத்துச் சித்தி போட்ட கணக்கும், ஜோஜிலாவுக்கு அப்பால் யாரோ ஒரு சிப்பாய் பால்பாயின்ட் பேனாவால் கிறுக்கியதும் ஒன்றுக்கொன்று பொருந்தின.

இரண்டாவது மேல்முறையீட்டில் தியாகம் என்ற சொல்லே இல்லை. தேதி, நேரம், கிலோமீட்டர், உயரம். அவ்வளவுதான்.

தரம் பிரிப்பது பற்றி

சாவைத் தரம் பிரிப்பதே அநியாயம் என்று நான் சுபேதார் சாரிடம் ஒருமுறை வாதாடினேன். எப்படிச் செத்தாலும் அடுப்பு ஒன்றுதானே, பிள்ளைகளின் பசி ஒன்றுதானே என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “எல்லாருக்கும் ஒண்ணுன்னு வெச்சா, மேல போஸ்ட்ல குண்டடி பட்டவன் சம்சாரம் என்னைக் கேக்கும். பெங்களூர் டிப்போல உக்காந்திருந்தவனுக்கும் என் புருஷனுக்கும் ஒரே கணக்கான்னு. நான் என்ன சொல்றது?” அவர் சொன்னதில் ஞாயம் இருக்கிறது. எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை, ஆனால் முன்பு இருந்த வேகம் இல்லை.

சித்திக்கும் இதில் என்னை மாதிரி உணர்ச்சி கிடையாது. அந்தத் தீர்ப்பை அவருக்காகத் தேடி எடுத்து வரி வரியாகத் தமிழில் சொன்னேன். கடைசி வரை கேட்டுவிட்டு, “இது நமக்குப் பொருந்தாது. அவரு எல்லைல ரோந்துல இருந்தாரு. உங்க சித்தப்பா லோடு ஏத்திகினு போனாரு. லிபரலைஸ்டு நாம கேக்கக் கூடாது” என்றார். வக்கீலாக இருந்தால் அதற்கும் ஒரு வாதம் கண்டுபிடித்திருப்பார்கள். சித்தி தன் வரிசையை விட்டு அடுத்தவர் வரிசையில் நிற்க மறுத்துவிட்டார்.

எனக்குச் செரிக்காதது வேறு. 1982-இல் வந்த தகுதி விதிகளில் 9-ஆவது விதி, உரிமை கோருபவரை நிரூபிக்கச் சொல்லக் கூடாது, நியாயமான சந்தேகம் இருந்தால் அதன் பலன் அவருக்கே சேர வேண்டும் என்று சொன்னது (2008-இல் அந்த விதிகளுக்குப் பதில் வேறு விதிகள் வந்தன). 2013-இல் உச்ச நீதிமன்றம், வலிப்பு நோயால் வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒரு சிப்பாயின் வழக்கில் இதை அழுத்திச் சொன்னது. ஆளைச் சேர்க்கும்போது டாக்டர் சோதித்து, குறை ஒன்றும் இல்லை என்று எழுதித்தான் எடுக்கிறீர்கள். பிறகு நோய் வந்தால் அது பணியில் வந்தது என்றே கொள்ள வேண்டும், இல்லை என்றால் நீங்கள்தான் காரணம் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் நடைமுறையில் கார் டைரி அவர்களிடம், பட்டியல் அவர்களிடம், மருத்துவக் கோப்பு அவர்களிடம். தீர்ப்புச் சொல்வதும் அவர்களே. வெளியே நிற்கிற ஒரு பெண், மாடு கன்று போட்ட நாளை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் காகிதத்தை வெளியே இழுக்க வேண்டியிருக்கிறது. சித்திக்கு ஒரு சுபேதார் சார் கிடைத்தார். அந்த வராந்தாவுக்கு வழி தெரியாதவர்கள், இரண்டு வரிக் கடிதத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பார்கள்.

எங்கள் தெருக் கோடியில் ஒரு பாட்டி இருந்தார். அவர் கணவர் இரண்டாம் உலகப் போரில் பர்மா வரை போனவர். போர் முடிந்ததும் பென்ஷன் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாட்டிக்கு வந்ததெல்லாம் மாநில அரசு கொடுத்த மாத உதவிதான். அவரிடம் சித்தி இந்த மேல்முறையீட்டைப் பற்றிச் சொன்னபோது, “உங்களுக்காச்சும் இல்லைன்னு லெட்டர் போடுறான்” என்றாராம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வீர விருது வாங்கியவரின் மனைவி மறுமணம் செய்துகொண்டால் விருதுத் தொகை நின்றுவிடும். ஆனால் இறந்தவரின் தம்பியையோ அண்ணனையோ கட்டிக்கொண்டால் தொடரும் என்று ஒரு விதி நெடுங்காலம் இருந்தது. பஞ்சாப், ஹரியானா பக்கம் உள்ள வழக்கத்தில் இருந்து நேராக அரசாணைக்குள் வந்து உட்கார்ந்த விதி அது. 2017 நவம்பரில்தான், சித்தப்பா இறந்த சில மாதங்களில், அதை நீக்கினார்கள். சித்தியிடம் சொன்னபோது ரொம்ப நேரம் சிரித்தார். “நல்லவேள, இவருக்குத் தம்பி இல்ல” என்றார்.

அரியர்ஸ்

இரண்டாவது மேல்முறையீடு ஏற்கப்பட்டது. இறந்த தேதிக்கு மறுநாளில் இருந்து சிறப்புக் குடும்ப ஓய்வூதியம், அரியர்ஸோடு. கடிதத்தில் கார் டைரியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. மறு பரிசீலனையில் பணியால் தீவிரமானதாகக் கருதப்படுகிறது என்று மட்டும் இருந்தது. மாமா கேக் வாங்கி வந்தார். ஊரில் சிலர், அரசாங்கம் மனசு வைத்துக் கொடுத்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். சித்தி மறுக்கவும் இல்லை, ஆமாம் என்று சொல்லவும் இல்லை.

சுபேதார் சாருக்கு ஒரு வேட்டி சட்டையும் பழத்தட்டும் கொண்டுபோய்க் கொடுத்தோம். பணம் வாங்க மாட்டேன் என்றவர், ஒரு வேலை வாங்கிக்கொண்டார். காட்பாடிப் பக்கம் ஒரு சின்னப் பெண், கணவர் சிக்கிமில் இருந்தபோது இதே மாதிரி போய்விட்டாராம். அந்தப் பெண்ணை உட்கார வைத்துப் பதினான்கு நாளையும் கேட்டு எழுத வேண்டும். “என்கிட்ட ‘ஞாபகம் இல்ல சார்’னு ஒரே வார்த்தைல முடிச்சிடுது. நீங்க கேளுங்க தங்கச்சி” என்றார். சித்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வந்தார். அந்தப் பெண்ணின் பேச்சில் தேதிகள் ஆடித் தள்ளுபடியையும் டிவியில் பார்த்த சீரியல் எபிசோடுகளையும் ஒட்டி இருந்ததாம்.

சித்தியின் அரியர்ஸ் வங்கியில் ஏறியதும் நான் போன் செய்து, இனிமேலாவது நிம்மதியாக இருங்கள் என்றேன். “எங்க நிம்மதி? 2019 ஜூலைல டிஏ பன்னெண்டுல இருந்து பதினேழு ஆச்சில்ல? அந்த ஆறு மாசத்துக்கும் பழைய பன்னெண்டையே போட்டு வெச்சிருக்கான். சுபேதார் சார் மனு எழுதிட்டாரு. நீ வரும்போது பாப்பாவோட சர்டிபிகேட் ஜெராக்ஸ் ரெண்டு எடுத்துகினு வா, அதுவும் கேக்குறான்” என்றார்.